ரெபோல்யோ வீட்டுச் சம்பந்தம்

ஜனவரி 6, திங்கள்

மனிலாவில் இறங்கி, பஸ் பிடித்து, அப்புறம் மூன்று மணி நேரம் கப்பலில் ஆடி, இந்த மரிண்டுகே தீவுக்கு வந்து சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. என் ஒரே மகள் கோமதிக்கு டாக்டருக்குப் படிக்க உலகத்தில் பிலிப்பைன்ஸ்தான் கிடைத்தது. கல்யாணம் பண்ணிக்கொள்ள, அந்த நாட்டின் ஏழாயிரம் தீவுகளில் இதுதான் கிடைத்தது.

பையன் பெயர் எமர்சன். சரக்குக் கப்பலில் இன்ஜினியர். வாசலில் நின்றவன் என்னைக் கண்டதும் குனிந்து, என் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டு, "குட் ஆஃப்டர்நூன் போ, தாத்தாய்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. அறுபத்து மூன்று வயசு ஆளைத் தாத்தா என்கிறான், வந்த வாசலிலேயே போ என்கிறான்.

"அப்பா, தாத்தாய்னா அவங்க பாஷையில அப்பா. போ-ன்னா மரியாதை. நாம 'ங்க' போடுதோம்லா, அது மாதிரி" என்றாள் கோமதி.

மரியாதைக்கு வேறு எழுத்தே கிடைக்கவில்லையா இவர்களுக்கு?

அதோடு விடவில்லை. என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, தலையில் பூக்கிரீடம் மாட்டி, ஏழெட்டு அம்மாமார்கள் சுற்றிலும் நின்று பாடி ஆடி, பூவையும் சில்லறையையும் என் மேல் வீசினார்கள். இந்தத் தீவில் விருந்தாளிக்கு இப்படித்தானாம். ஒரு நாணயம் மூக்குக்கண்ணாடியில் பட்டது. பத்திரப்பதிவுத் துறையில் முப்பத்தொரு வருஷம் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்ற அன்றைக்கு எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள், அவ்வளவுதான். என்ன செய்துவிட்டேன் என்று இவர்கள் எனக்குக் கிரீடம் வைக்கிறார்கள்?

நான் கொண்டாட வரவில்லை. இந்த நாட்டுச் சட்டப்படி இருபத்தைந்து வயது நிறையாதவர்கள் கல்யாணத்துக்கு லைசென்ஸ் கேட்டால், பெற்றவரின் அறிவுரை எழுத்தில் வேண்டும். கோமதிக்கு இருபத்து நான்கு. நான் சாதகம் என்று எழுதினால் பத்து நாள் நோட்டீஸ் முடிந்ததும் லைசென்ஸ். பாதகம் என்று எழுதினாலோ, எதுவும் எழுதாமல் விட்டாலோ, மூன்று மாதம் தள்ளிப் போகும். எமர்சன் முப்பதாம் தேதி கப்பலேறுகிறான், திரும்பப் பத்து மாதம் ஆகும். கோமதியின் விசா மார்ச்சில் முடிகிறது. எங்கள் ஊர் சங்கரன்கோவிலுக்கு அவள் வந்துதான் ஆக வேண்டும்.

அண்ணன் சொல்லித்தான் அனுப்பினார்: "நீ ஒரு வார்த்தை எழுது, பேச்சி. மத்தத காலம் பாத்துக்கிடும்."

ஜனவரி 7, செவ்வாய்

பதிவாளர் அலுவலகம். பதிவாளர் திருமதி ரிவமொந்தே ஐம்பது வயது இருக்கும். என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், கோமதியுடையதைப் பார்த்தார், மறுபடி என்னுடையதைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்த பார்வைதான்.

"உங்க குடும்பப் பெயர் சுடலைமுத்து. இவங்க குடும்பப் பெயர் பேச்சிமுத்து. நீங்க எப்படி இவங்க அப்பா?"

சுடலைமுத்து என் அப்பா என்றேன். பேச்சிமுத்து நான். என் பெயர்தான் அவளுக்குக் கடைசிப் பெயர்.

"அப்போ உங்க அப்பாவோட குடும்பப் பெயர்?"

"அவருக்கு அவர் அப்பா பெயர்."

"குடும்பத்துக்குன்னு ஒரு பெயர்?"

"கிடையாது."

அந்த அம்மாள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். வீடு வாசல் இல்லாதவனைப் பார்ப்பது போல. கோமதியின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். அதில் தகப்பனார் எஸ். பேச்சிமுத்து என்று இருக்கிறது. அவள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலும் அதே எஸ். "இந்த எஸ் யாரு? சான்டோஸா இருக்கலாம், சான்செஸா இருக்கலாம்" என்றார். எரிச்சலாக வந்தது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. இனிஷியல் விரியவில்லை என்று நான் எத்தனை பத்திரத்தைத் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

எங்கள் இருவரையும் தெரிந்த, இந்தக் கல்யாணத்தில் சம்பந்தமில்லாத இரண்டு பேர் சத்தியப் பிரமாணம் தர வேண்டுமாம். நான் தகப்பன் என்று ருசுவாகும்வரை என் அறிவுரையை வாங்கமாட்டார், நல்லதோ கெட்டதோ. இருபதாம் தேதிக்குள் ஆகவில்லை என்றால் அறிவுரை இல்லை என்று குறித்து மூன்று மாதம் தள்ளிவிடுவார்.

கோமதியின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு இடுப்பு வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

ஜனவரி 8, புதன்

மழை. இரண்டு பனியன் காயவில்லை. மூன்று வேளையும் மீன்.

ஜனவரி 9, வியாழன்

பிளேடு வாங்க மார்க்கெட்டுக்குப் போனேன். காய்கறிக் கடையில் முட்டைக்கோஸ் குவித்து வைத்து, அட்டையில் பெயர் எழுதிச் செருகியிருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ரெபோல்யோ.

எமர்சனின் குடும்பப் பெயர் ரெபோல்யோ.

வீட்டுக்கு வந்து கோமதியைக் கேட்டால் சிரிக்கிறாள். "ஆமாப்பா, முட்டைக்கோஸ்தான். எனக்கு மொதல்லயே தெரியும்." டாக்டர் கோமதி முட்டைக்கோஸ். இதற்கா இந்தப் பெண்ணை நிலத்தை விற்றுப் படிக்கவைத்தேன்?

எமர்சனின் அம்மா மிலாக்ரோஸ் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கதையைச் சொன்னார். கோமதி இடையிடையே விளக்கினாள். நூற்றெழுபது வருஷத்துக்கு மேல் இருக்கும், அதற்கு முன்னால் இவர்களிலும் பாதிப் பேர் நம்மைப் போல ஆளுக்கொரு பெயரோடு திரிந்திருக்கிறார்கள். ஆண்டுகொண்டிருந்த ஸ்பெயின்காரக் கவர்னருக்கு வரி வாங்க வேண்டும், எவன் எவன் பிள்ளை என்று தெரிய வேண்டும். ஸ்பானியச் சொற்களை அகரவரிசையில் தொகுத்து ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்து, இதிலிருந்து ஆளுக்கொரு குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டான். இந்த ஊருக்கு வாய்த்தது ஆர் எழுத்து. அதனால்தான் பதிவாளர் ரிவமொந்தே, பக்கத்து வீடு ரியால், மளிகைக்கடை ரொசாலெஸ். பதிவாளர் அலுவலகத்தில் பெயர் அட்டவணையில் ஆரைத் தவிர மற்ற எழுத்துகளெல்லாம் தூசி படிந்து கிடக்குமோ என்னவோ. எமர்சனின் முப்பாட்டனார் அன்றைக்கு மீன்பிடிக்கப் போய்விட்டு வரிசையில் கடைசியாக வந்தாராம். நல்ல பெயரெல்லாம் தீர்ந்துபோய்விட்டது.

இதைச் சொல்லிவிட்டு அந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். எனக்கு அடக்க முடியவில்லை. ஸ்பெயின்காரன் முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆண்டான், அமெரிக்காக்காரன் வந்தான், ஜப்பான்காரன் வந்து போனான், எல்லோரும் போன பிறகாவது கோர்ட்டில் ஒரு மனுப் போட்டு மாற்றியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"மாத்திட்டா செத்துப்போனவங்க எங்களை எப்படிக் கண்டுபிடிப்பாங்க போ?" என்றார்.



ஜனவரி 10, வெள்ளி

நோட்டீஸ் போர்டில் இருவர் பெயரையும் ஒட்டிவிட்டார்கள். பத்து நாள் தொங்கும். ஆட்சேபணை உள்ளவர்கள் வந்து சொல்லலாம். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை நடந்துபோய்ப் பார்த்தேன். நடை உடம்புக்கு நல்லது.

ஊர்க்காரர்கள் நின்று படிக்கிறார்கள். படித்துவிட்டு ஆட்சேபணை சொல்ல உள்ளே போவதற்குப் பதில், நேராக மிலாக்ரோஸ் வீட்டுக்கு வந்து பலகாரப் பாத்திரத்தை நீட்டுகிறார்கள். நோட்டீஸ் எதற்காக ஒட்டுவது என்றே இந்த ஜனங்களுக்கு விளங்கவில்லை. நம் ஊரில் கல்யாண நோட்டீஸ் ஒட்டினால் ஒரு மணி நேரத்தில் யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒருதடவை அப்படித்தான்

வேண்டாம். அதை எழுதி என்ன ஆகப் போகிறது?

ஜனவரி 12, ஞாயிறு

எல்லோரும் சர்ச்சுக்குப் போய்விட்டார்கள். பிரஷர் மாத்திரை இன்னும் பதினாறு இருக்கிறது. என் வேஷ்டி, சட்டையைத் துவைக்கலாம் என்று போனால் எமர்சன் நேற்றே துவைத்து மடித்துவைத்திருக்கிறான். யார் கேட்டார்கள்?

என் மனைவி ஈஸ்வரி போன் பண்ணினாள். முழங்கால் வலி இல்லாதிருந்தால் அவளும் வந்திருப்பாள். "பையன் மூஞ்சியப் பாத்தியளா? நல்ல மூஞ்சியாத்தான இருக்கு?" என்கிறாள். மூஞ்சியைப் பார்க்கவா நான் வந்தேன்? சாட்சி கிடைக்கவில்லை, இருபதாம் தேதி தாண்டிவிடும் போலிருக்கிறது என்றேன். "ஒங்களுக்கா பேப்பர் வேல தெரியாது?" என்றாள். டவர் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மத்தியானம் மிலாக்ரோஸ் தன் புருஷன் போட்டோவைக் காட்டினார். சவூதியில் வெல்டர். எமர்சனுக்குப் பதினொன்று ஆகும்போது அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் கப்பலில் அல்லது அரபு நாட்டில். வருகிறவர்கள் பெரிய பெரிய அட்டைப்பெட்டியில் சோப்பும் சாக்லேட்டும் கொண்டுவருகிறார்கள், தெருவே கூடிப் பிரித்துப் பங்கு போட்டுக்கொள்கிறது. போகிறவனைச் சிரித்துக்கொண்டே அனுப்புகிறார்கள். இவர்களுக்கு அழத் தெரியாதா என்று எரிச்சலாக இருந்தது. கோமதி சொல்கிறாள், கப்பல் கண்ணுக்கு மறைந்த பிறகு அழுவார்களாம். போகிறவன் பார்த்துவிடக் கூடாதாம்.

விமான நிலையத்தில் நாங்கள் முதல் தடவை கோமதியை அனுப்பியபோது நான் அழவில்லை. கண்ணில் தூசி.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பசை மாதிரி ஒட்டும் அரிசியும் தேங்காய்ப்பாலும் போட்டு கோமதி பொங்கல் வைத்தாள். அது பொங்கல் இல்லை, களி. தெருவே வந்து தின்றது. எழுபது வயதுள்ள பக்கத்து வீட்டு அம்மாள் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். அவர் பெயர் பேபி. உண்மையாகவே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அவர்கள் போன பிறகு கோமதி பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏம்ப்பா, முப்பத்தோரு வருசம் இதே வேலைய பாத்திருக்கீய. இந்த எஸ்-ஸுக்கு என்ன செய்யணும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"அந்த அம்மா கேக்குத சாட்சிய கொண்டாங்க. நான் என்னட்டி செய்ய முடியும்?"

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "ஒங்களுக்குப் பிடிக்கலன்னா வாயத் தொறந்து பிடிக்கலன்னு சொல்லுங்கப்பா. நான் தாங்கிக்கிடுவேன். பேப்பர் மேல பழியப் போட்டுட்டு ஒக்காந்திருக்காதிய."

பெற்றவனிடம் பேசுகிற பேச்சா இது? வெளியே வந்து உட்கார்ந்தேன். எமர்சன் பம்புசெட்டைப் பிரித்துப்போட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எழுந்து போய் ஒரு கப் காப்பி கொண்டுவந்து, "காப்பி போ" என்று வைத்துவிட்டு மறுபடி பம்புக்கே போய்விட்டான்.

ஜனவரி 16, வியாழன்

இன்றைக்கு நடந்த கூத்தை எங்கே போய்ச் சொல்ல? சாட்சி வேண்டும் என்று கேள்விப்பட்டு ஒன்பது பேர் பதிவாளர் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். முதல் ஆள் பேபி. "இவர்தான் அந்தப் பெண்ணின் அப்பா என்று சத்தியம் செய்கிறேன்" என்று கையைத் தூக்கிவிட்டார்.

"அம்மா, என்னை நீங்கள் பார்த்தே பத்து நாள்தான் ஆகிறது. பொய்ச் சத்தியம் குற்றம்" என்றேன்.

"பொய் இல்லை போ. அவ மீன் வெட்டும்போது நீங்க அவளைப் பார்க்கிறது இல்ல, கத்தியைத்தான் பார்க்கிறீங்க. கை வெட்டுப்படுமோன்னு. வேற யாரு அப்படிப் பார்ப்பா?"

இது சாட்சியமா? முப்பத்தொரு வருஷத்தில் இப்படியொரு சாட்சியத்தை நான் கேட்டதில்லை. திருமதி ரிவமொந்தேவும் ஒப்புக்கொள்ளவில்லை, அந்த மட்டுக்கு நல்லது. "நீ எமர்சனுக்குப் பெரியம்மா முறை. சம்பந்தமில்லாத ஆள் வேண்டும்" என்றார். அடுத்தவர் சித்தப்பா. அதற்கடுத்தவர் கல்யாணத்தில் ஞானத்தகப்பனாக நிற்கப்போகிறவர். ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்று மொத்தம் இருபத்திரண்டு பேரைக் குறித்துவைத்திருக்கிறார்களாம். ஒன்பது பேரும் தள்ளுபடி. கடைசியில் பதிவாளர் அம்மாளே எமர்சனின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய் என்று தெரிந்தது.

இந்த ஊரில் சம்பந்தமில்லாதவன் என்று ஓர் ஆள் கிடையாது. நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

ஒன்பது பேரும் கொஞ்சமும் வருத்தப்படாமல் சிரித்துப் பேசிக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனார்கள். கோமதி சாப்பிடவில்லை.

ஜனவரி 18, சனி

நாளையோடு நோட்டீஸ் முடிகிறது. ஒருவரும் ஆட்சேபணை சொல்லவில்லை. திங்கட்கிழமைதான் கடைசி.

அண்ணன் போன் பண்ணினார். "ரொம்ப நல்லதாப் போச்சு. நீ வேண்டாம்னு சொன்னதாவும் இருக்காது, நடந்ததாவும் இருக்காது. கம்முனு இரு" என்றார். கம்மென்றுதான் இருக்கிறேன்.

பத்தாம் தேதி பாதியில் விட்டதை எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் வேறு எதுவும் எழுத ஓடாது.

நான் வேலை பார்த்த ஓர் ஊரில், தொண்ணூற்றெட்டில், ஒரு பெண்ணும் பையனும் பதிவுத் திருமணத்துக்கு மனுக் கொடுத்தார்கள். பெண் பெயர் செல்வராணி. பையன் பெயர் மறந்துவிட்டது. பள்ளிச் சான்றிதழில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் இன்னொரு இனிஷியல். திருத்திக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினேன். திருத்திக் கொண்டுவந்தார்கள். புது மனு, முதலிலிருந்து முப்பது நாள் நோட்டீஸ் என்றேன். விதி அதுதான், அதில் தப்பில்லை. அன்று சாயங்காலம் பெண்ணின் அப்பாவுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அது விதியில் இல்லை. பெற்றவன் மனசு என்ன பாடுபடும் என்று நினைத்துத்தான் செய்தேன். அப்போது எனக்குப் பிள்ளையே கிடையாது.

நாலாம் நாள் பெண்ணை பம்பாய்க்குக் கொண்டுபோய் யாருக்கோ கட்டிவைத்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் பையன் மட்டும் வந்தான். இரண்டு பேர் பெயரும் சேர்ந்து இருக்கிற தாள் அந்த நோட்டீஸ் ஒன்றுதான், அதையாவது தருவீர்களா சார் என்று கேட்டான். அரசு ஆவணம், தர முடியாது என்றேன்.

பையன் பெயர் அந்தோணிராஜ். மறக்கவில்லை.

இன்னொன்று. என் பென்ஷன் புத்தகத்தின் நகல் இங்கே என் பையில் இருக்கிறது. சுடலைமுத்து மகன் பேச்சிமுத்து, மனைவி ஈஸ்வரி, மகள் கோமதி, பிறந்த தேதி, மூவரும் சேர்ந்திருக்கும் போட்டோ, அதன் மேல் அரசாங்க முத்திரை. எஸ் யார் என்று கேட்டால் காட்டுவதற்கு இதைவிட நல்ல தாள் கிடையாது. ஏழாம் தேதி கவுண்ட்டரில் நிற்கும்போதும் பையில்தான் இருந்தது.

ஜனவரி 20, திங்கள்

காலையில் எட்டு மணிக்கே போய் நின்றோம். நான், கோமதி, எமர்சன், மிலாக்ரோஸ். பேபியும் வந்தார், யாரும் கூப்பிடவில்லை. எங்களுக்குப் பின்னால் பிறப்புச் சான்றிதழ் வாங்க ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள்.

பென்ஷன் புத்தகத்தின் நகலை எடுத்துக் கவுண்ட்டரில் வைத்தேன். திருமதி ரிவமொந்தே வரி வரியாகப் படித்தார். போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது போதும். இவ்வளவு நாள் எங்கே இருந்தது?" என்றார்.

"பையில்."

கோமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏன் என்று கேட்டிருந்தால் தேவலை.

பதிவாளர் கம்ப்யூட்டரில் படிவத்தைத் திறந்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "பேச்சிமுத்து சுடலைமுத்து, உங்கள் மகள் கோமதி, எமர்சன் ரெபோல்யோவை மணக்க நீங்கள் சாதகமான அறிவுரை தருகிறீர்களா?" என்று கேட்டார்.

நான் சரி என்று தலையை ஆட்டினேன்.

அந்த அம்மாள் கொஞ்சம் திகைத்த மாதிரி இருந்தது. "நிச்சயமாகவா?" என்று மறுபடி கேட்டார். ஒரு தடவை ஆட்டினால் போதாதா இவர்களுக்கு என்று எரிச்சலோடு, இன்னும் நன்றாக, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக ஆட்டினேன். அவர் பெருமூச்சு விட்டு ஏதோ தட்டினார். பிரிண்டர் கரகரவென்று தாளைத் துப்பியது. கையெழுத்துக்காக என் பக்கம் நகர்த்தினார்.

பாதகம் என்று அச்சாகியிருந்தது.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. பக்கவாட்டில் தலையை ஆட்டினால் இந்த ஊரில் வேண்டாம் என்று அர்த்தம்.

பேனா கையில் இருந்தது. கோமதி எமர்சனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், இன்னும் தாளைப் பார்க்கவில்லை. நான் ஒரு பாவமும் செய்யவில்லை. சரி என்றுதான் தலையாட்டினேன். அவர்கள் தப்பாக அடித்துவிட்டார்கள். அடியில் கையெழுத்துப் போட்டால் மூன்று மாதம், கப்பல், விசா, எல்லாம் அண்ணன் சொன்னபடி தானாக நடக்கும். பிறகு கேட்டால் நான் கவனிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். முப்பத்தொரு வருஷம் ஒவ்வொரு தாளையும் இரண்டு தடவை படித்துக் கையெழுத்துப் போட்டவன் கவனிக்கவில்லை என்று.

"இல்லம்மா, சரின்னுதான சொன்னேன்" என்றேன்.

தமிழில் சொல்லியிருக்கிறேன். பதிவாளர் விழித்தார். கோமதி தாளை எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

"யெஸ். சாதகம்" என்றேன் ஆங்கிலத்தில். "நான் தலையாட்டியது யெஸ்."

"இது நோ" என்று அந்த அம்மாள் என்னைப் போலத் தலையை ஆட்டிக் காட்டினார்.

"எங்கள் ஊரில் அதுதான் யெஸ்."

"யெஸ்ஸுக்கு எதற்கு நோ மாதிரி ஆட்டுகிறீர்கள்?"

வரிசையில் நின்றவர்களெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் குரல் உயர்ந்துவிட்டது. "என் மகள் இந்தப் பையனைக் கட்டிக்கொள்ள எனக்குச் சம்மதம். பூரண சம்மதம். இன்னும் எத்தனை தடவை சொல்ல வேண்டும்?"

அலுவலகம் முழுக்கக் கை தட்டியது. பேபி அழுதார். எமர்சன் என் கையை எடுத்து நெற்றியில் வைத்தவன் விடவே இல்லை, பேனா இருக்கிற கை. கோமதி, "ஏம்ப்பா கத்துதீய" என்றாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

அடித்துத் திருத்தக்கூடாது என்பதால் புதுப் படிவம் அச்சடிக்க அரை மணி நேரம் ஆனது. இரண்டு தடவை படித்தேன். கையெழுத்துப் போட்டேன். பழைய தாளை என் கண் முன்னால் கிழிக்கச் சொன்னேன்.

மத்தியானம் அண்ணன் கூப்பிட்டார். லைசென்ஸ் வந்துவிட்டது என்றேன். அவர் சொன்னார்: "சரி, விடு. அந்த ஊரு சட்டம் அப்படி, நம்ம பேச்சு எடுபடல, அவங்களா பேப்பர முடிச்சுட்டாங்கன்னு சொந்தபந்தத்துக்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

"அப்படிச் சொல்லாதிய அண்ணே" என்றேன். "பேப்பர் ஒண்ணும் செய்யல. நான்தான் சரின்னேன். கேக்குதவங்ககிட்ட அதையே சொல்லுங்க."